ஒன்பதாம் இன்னிங்ஸின் மீது சுமத்தப்படும் பழி

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஆறு மாதங்களுக்குள் 162 ஆட்டங்களை ஆடி முடிக்க வேண்டும். அந்த நெடும் பருவம் பாதியை நெருங்கும் நாள்களில், எந்த நகரமாயினும் எந்த ஆண்டாயினும், ரசிகர்களிடமும் விளையாட்டுப் பத்திகளிலும் ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டு எழுகிறது: அணியின் ஆட்டத்தில் குறையில்லை, கையில் இருந்த வெற்றிகளைப் புல்பென் பறிகொடுத்துவிட்டது என்பதே அது. பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர் எனப்படுகிறார். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து முதல் ஏழு இன்னிங்ஸ் வரை எறிந்துவிட்டு விலகிய பின், எஞ்சிய பகுதியை எறிவதற்காக மைதானத்தின் ஓர் ஓரத்தில் தடுத்து ஒதுக்கப்பட்ட இடத்தில் கையைப் பதப்படுத்திக்கொண்டு காத்திருக்கும் மாற்றுப் பிட்சர்களின் குழுவுக்கே புல்பென் என்று பெயர். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதை முடித்துவைக்கும் பொறுப்பு அக்குழுவில் ஒருவருக்குத் தரப்படும். அவர் குளோசர் எனப்படுவார்.

இந்தக் குற்றச்சாட்டு வெறும் சலிப்பாக நின்றுவிட்டால் அதை மறுக்க வேண்டிய தேவை எழாது. அது ஒரு கோட்பாடாகவே வளர்ந்துவிட்டது. பருவத்தின் நடுவில் புல்பென் தரும் எண்கள் அதன் உண்மையான தரத்தைக் காட்டுகின்றன என்றும், கடைசி இன்னிங்ஸில் தடுமாறுகிறவருக்கு நெஞ்சுரம் போதாது என்றும், பெயர்பெற்ற குளோசர் ஒருவரை விலைகொடுத்து வாங்கினால் அணி நிமிர்ந்துவிடும் என்றும், அதைச் செய்யத் தவறும் நிர்வாகமும் மேலாளரும் பதவிக்குத் தகுதியற்றவர்கள் என்றும் அக்கோட்பாடு கூறுகிறது. இவற்றில் ஒன்றுகூடச் சான்றுகளின் முன் நிலைக்கவில்லை. இதை நிறுவ, நல்ல புல்பென் ஒன்று அநியாயமாகப் பழிக்கப்பட்ட கதையைத் தேர்ந்தெடுப்பது எளிது. அவ்வாறு செய்யாமல், பழிப்பவர்களுக்கு மிக வலுவான ஆதாரமாக நிற்கும் அணியையே எடுத்துக்கொள்வது நேர்மையானது. அந்த அணி 2019-ஆம் ஆண்டின் வாஷிங்டன் நேஷனல்ஸ்.

அவ்வாண்டு அந்த அணியின் புல்பென் உண்மையிலேயே மோசமாக இருந்தது. ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன்களை விட்டுக்கொடுக்கிறார் என்பதை, தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவற்றை நீக்கிக் கணக்கிடும் ரன் சராசரியே பிட்சர்களை அளக்கும் வழக்கமான அளவுகோல். நான்கு என்பது நடுத்தரம், ஐந்தைத் தாண்டினால் கவலைக்குரியது. மே மாத இறுதியில் நேஷனல்ஸ் புல்பென்னின் ரன் சராசரி ஏழை ஒட்டி இருந்தது. பருவ முடிவில் அது 5.6-க்குச் சற்று மேல் நின்று, தேசிய லீகிலேயே கடைசி இடத்தைப் பெற்றது. மே 20 முதல் 23 வரை நியூயார்க் நகரில் மெட்ஸ் அணியுடன் ஆடிய நான்கு ஆட்டங்களையும் வாஷிங்டன் இழந்தது. மே 22 அன்று மாக்ஸ் ஷெர்சர் ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்து விலகிய பின், 1-0 என்ற முன்னிலை எட்டாம் இன்னிங்ஸில் சரிந்து, குளோசர் ஷான் டூலிட்டில் எறிந்துகொண்டிருக்கையில் ஆறு ரன்கள் போய், ஆட்டம் 6-1 என முடிந்தது. மறுநாளும் அதே எட்டாம் இன்னிங்ஸில் கார்லோஸ் கோமெஸ் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னால் 4-3 என்ற முன்னிலை 6-4 என்ற தோல்வியாயிற்று. அன்று அணியின் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. பந்தெறிதல் பயிற்சியாளர் டெரெக் லிலிக்விஸ்ட் அம்மாதத் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டிருந்தார். அடுத்து மேலாளர் டேவ் மார்டினெஸை நீக்க வேண்டும் என்ற குரல் தலைநகரெங்கும் ஓங்கியது.

அந்தக் குரல் கணக்கில் எடுத்துக்கொள்ளாத செய்திகள் முதலில் கவனிக்கத்தக்கவை. அணியின் ஷார்ட்ஸ்டாப்பும் தொடக்க வரிசை அடிப்பவருமான ட்ரே டர்னர், ஏப்ரல் 2 அன்று பந்தை மெல்லத் தட்டிவிட முயன்றபோது விரல் முறிந்து, ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆடவில்லை. மூன்றாம் பேஸில் நின்ற ஆந்தனி ரெண்டன் முழங்கையில் பந்து பட்டு ஏப்ரல் இறுதியில் விலகினார்; இருபது வயதேயான ஹுவான் சோட்டோ முதுகுப் பிடிப்பால் மே தொடக்கத்தில் ஓய்வில் இருந்தார்; முதல் பேஸின் மூத்த வீரர் ரயன் சிம்மர்மன் பாத வலியால் வெளியேறினார். அணியின் ரன் குவிப்பில் பெரும்பங்கை ஏற்க வேண்டியவர்கள் இவ்வாறு ஒருவர் பின் ஒருவராக இல்லாமற்போன நாள்களில், முன்னிலைகள் ஒன்றிரண்டு ரன்களைத் தாண்டவில்லை. ஐந்து ரன் முன்னிலையில் ஒரு மாற்றுப் பிட்சர் இரண்டு ரன்களை விட்டால் அடுத்த நாள் அதை யாரும் பேசுவதில்லை. ஒரு ரன் முன்னிலையில் அதே இரண்டு ரன்கள் போனால் அது பறிகொடுத்த வெற்றியாகப் பதிவாகிறது. எறிந்த பந்துகள் இரண்டு நாள்களிலும் ஒரே தரத்தில் இருந்தாலும், குற்றம் பிட்சரிடம் மட்டுமே எழுதப்படுகிறது.

இனி எண்களின் நம்பகத்தன்மைக்கு வருதல் வேண்டும்; ஏனெனில் மேலே சொன்ன கோட்பாட்டின், அதாவது நடைமுறைக் கருத்தின், அடித்தளமே அங்குதான் இருக்கிறது. முதல்நிலைத் தொடக்கப் பிட்சர் ஒருவர் ஒரு பருவத்தில் 180 முதல் 200 இன்னிங்ஸ் எறிகிறார்; மாற்றுப் பிட்சர் எறிவது ஏறத்தாழ 60 மட்டுமே. ஒரே ஒரு மோசமான இரவில் ஐந்து ரன்கள் போனால், 190 இன்னிங்ஸ் எறிந்தவரின் ரன் சராசரி கால் ரன் அளவுகூட உயர்வதில்லை. 60 இன்னிங்ஸ் எறிந்தவருக்கோ அது முக்கால் ரன் உயர்கிறது. மே மாத நடுவில், 20 இன்னிங்ஸ் மட்டுமே எறிந்திருக்கும் நிலையில், அதே ஓர் இரவு அவரது சராசரியை 2.25 உயர்த்திவிடும், மூன்றுக்குச் சற்று மேலிருந்து மதிப்புடன் விளங்கியவர் ஐந்தரையைத் தொட்டு, தூற்றப்படுகிறவராகிவிடுவார். ஓர் அவுட் தவறவிடப்பட்டதாலோ, காற்று பந்தைச் சில அடி தூரம் கூடுதலாகக் கொண்டுபோனதாலோ நேரக்கூடிய வேறுபாடு இது. ஆகவே பருவத்தின் நடுவில் புல்பென்னின் எண்கள் எதையும் சொல்வதில்லை என்பதல்ல. அவை சொல்வதைக் கேட்பதற்கு முன் எத்தனை பந்துகளின் மீது அவை நிற்கின்றன என்று கேட்க வேண்டும், அந்தக் கேள்வியை நடைமுறைக் கருத்து ஒருபோதும் கேட்பதில்லை.

ட்ரெவர் ரோசென்தாலின் வாழ்க்கை இதற்கு முழுமையான எடுத்துக்காட்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 2014-இல் 45, 2015-இல் 48 ஆட்டங்களைக் காத்துக்கொடுத்தவர் அவர். 2017-இல் முழங்கை இணைநார் கிழிந்து, உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த தசைநாணை அங்கே பொருத்தும் அறுவைக்கு உட்பட்டு (1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்ததால் அந்த அறுவை அவர் பெயராலேயே வழங்குகிறது), 2018 முழுவதும் ஆடாமல், 2019-இல் நேஷனல்ஸ் அணிக்கு வந்தார். முதல் நான்கு ஆட்டங்களில் ஒருவரைக்கூட அவரால் அவுட் ஆக்க முடியவில்லை. ரன்கள் போயின, இன்னிங்ஸ் கணக்கு சுழியத்திலேயே நின்றது, ஆதலால் அவரது ரன் சராசரி கணித மொழியில் முடிவிலியாக இருந்தது. ஜூனில் 22.74 என்ற சராசரியுடன் அணி அவரை விடுவித்தது. நடைமுறைக் கருத்தின்படி அவருடைய தரம் அத்துடன் தெளிவாகிவிட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு, கொரோனாவால் சுருங்கிய பருவத்தில், கான்சஸ் சிட்டி, சான் டியேகோ என இரு அணிகளுக்கு எறிந்து அவர் பெற்ற சராசரி 1.90, அதே தோள், அதே வேகப்பந்து. இடையில் மாறியது அறுவைக்குப் பின் கைக்குத் திரும்பி வந்த கட்டுப்பாடு மட்டுமே.

எட்வின் டியாஸின் கதை இதைவிடவும் ஏற்ற இறக்கம் மிக்கது. 2018-இல் சியாட்டில் அணியில் 57 ஆட்டங்களைக் காத்து 1.96 சராசரி பெற்ற அவர், மறு ஆண்டு மெட்ஸ் அணிக்கு வந்ததும் 58 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன்களைக் கொடுத்து 5.59 சராசரியுடன் நியூயார்க் ரசிகர்களின் வசைக்கு ஆளானார். அந்நகரின் பெரும் நெருக்கடியைத் தாங்கும் மனம் அவருக்கு இல்லை என்று அப்போது உறுதியாகச் சொல்லப்பட்டது. அதே நகரில், அதே அணியில், அதே அரங்கில் 2022-இல் அவர் 62 இன்னிங்ஸில் 118 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து 1.31 சராசரியுடன் நின்றார். அவர் களமிறங்கும்போது ஒலித்த எக்காள இசைக்காகவே அரங்கம் எழுந்து நின்றது. நெஞ்சுரம் என்பதுதான் காரணம் என்றால், 2018-இல் இருந்து 2019-இல் தொலைந்து 2022-இல் திரும்பிய அது எத்தகைய குணம் என்பதற்கு அக்காரணத்தைச் சொன்னவர்கள் விளக்கம் தர வேண்டும். மனிதரின் மனத்தைப் பற்றிய தீர்ப்பை 60 இன்னிங்ஸ் எண்ணிக்கையிலிருந்து வருவிப்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. உடல் நோவோடு எறிகிற ஒருவரைக் கோழை என்று அழைப்பதில் முடியும் ஒரு கணக்குமுறை பிழையானது என்பதோடு கொடியதும் ஆகும்.

இதற்கு ஒரு தக்க எதிர்வாதம் உண்டு. முதல் இன்னிங்ஸில் போகும் ரன்னும் ஒன்பதாம் இன்னிங்ஸில் போகும் ரன்னும் ஒன்றல்ல. முன்னதை ஈடுசெய்ய எட்டு இன்னிங்ஸ் மிச்சமிருக்கின்றன, பின்னதற்கு ஏதுமில்லை. எனவே மாற்றுப் பிட்சரின் பந்து கூடுதல் எடை கொண்டது என்று சொல்லலாம். அது உண்மை. கிரிக்கெட்டில் கடைசி ஓவரை வீசுகிறவரின் ஒவ்வொரு பந்துக்கும் அரங்கமே மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதைக் கண்ட எவருக்கும் அது விளங்கும். ஆனால் அந்த எடை தருணத்துக்குரியது; அதை எறிபவரின் திறமைக்கான அளவாக மாற்றிவிட முடியாது. ரசிகரின் நினைவும் இதே வழியில்தான் பிசகுகிறது. ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பு திரட்டிவைத்துள்ள ஆட்டப் பதிவேடுகளின்படி, எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணி ஏறத்தாழ நூற்றுக்கு 95 ஆட்டங்களில் வெல்கிறது. குளோசர் என்ற பதவியே இல்லாத காலத்திலும், ஓர் இன்னிங்ஸுக்கென்றே ஒருவருக்குக் கோடிகள் தரப்படும் இக்காலத்திலும், அந்த விகிதம் பெரிதாக மாறவேயில்லை. நூற்றில் ஐந்து என்பது மிகச் சிறந்த அணிக்கும் ஒரு பருவத்தில் சில நெஞ்சைப் பிளக்கும் தோல்விகள் வந்தே தீரும் என்பதைக் குறிக்கிறது. அந்தச் சில இரவுகள் நினைவில் தங்குகின்றன. அமைதியாக முடிந்த தொண்ணூற்றைந்தும் எவருடைய நினைவிலும் இல்லை.

ரசிகர்கள் கையில் எடுக்கும் இன்னொரு எண், தவறவிட்ட சேவ்களின் எண்ணிக்கை. சேவ் என்பது, மூன்று ரன்களுக்கு மேற்படாத முன்னிலையுடன் களமிறங்கி, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் எறிந்து, முன்னிலையை இழக்காமல் ஆட்டத்தை முடித்தவருக்குத் தரப்படும் மதிப்பு. வேறு சில நிலைகளிலும் அது கிடைக்கும். முன்னிலையை இழந்தால் அது தவறவிட்ட சேவாகப் பதியப்படும். இங்கே ஒரு கோணல் இருக்கிறது: ஏழாம் இன்னிங்ஸில் எறிபவர் நன்றாக எறிந்தாலும் ஆட்டத்தை அவர் முடிக்கப்போவதில்லையாதலால் சேவ் அவருக்குக் கிடைக்காது, ஆனால் முன்னிலையை இழந்தால் தவறவிட்ட சேவ் மட்டும் அவர் கணக்கில் ஏறும். ஒரே ஆட்டத்தில் ஓர் அணி இரண்டு சேவ்களைத் தவறவிட்டு, இறுதியில் வென்றும் விடலாம். ஆகவே "புல்பென் இதுவரை இத்தனை சேவ்களைத் தவறவிட்டது, அவை அனைத்தும் வெற்றிகளாக இருந்திருந்தால் நாம் முதலிடத்தில் இருப்போம்" என்று போடப்படும் கணக்கு, கூட்டத்தகாதவற்றைக் கூட்டிய கணக்கு.

சேவ் என்ற அந்தப் புள்ளிவிவரம் பிறந்த வரலாறு இங்கே சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 1959-இல் பிட்ஸ்பர்க் அணியின் மாற்றுப் பிட்சர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, ஒரே தோல்வி என்ற வியப்பூட்டும் கணக்கைப் பெற்றார். அவ்வெற்றிகளில் பல, அவரே முன்னிலையை இழந்த பின் அணியினர் அடித்து மீட்டுத் தந்தவை என்பதைச் சிகாகோவின் பேஸ்பால் எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கவனித்தார். மாற்றுப் பிட்சரின் உண்மையான பங்களிப்பை அளக்கும் நியாயமான வழி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் வகுத்ததே சேவ். 1969-இல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாயிற்று. அளப்பதற்காகப் பிறந்த அது, 1980-களின் பிற்பகுதியில் ஓக்லண்ட் மேலாளர் டோனி லா ருஸ்ஸா டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஒன்பதாம் இன்னிங்ஸுக்கென்றே ஒதுக்கிவைத்து வென்ற பிறகு, ஆளத் தொடங்கிவிட்டது. அதுவரை ஆபத்து எப்போது வருகிறதோ அப்போது சிறந்தவர் எறிந்தார்; அதன் பின் சேவ் எப்போது வாய்க்கிறதோ அப்போதுதான் சிறந்தவர் எறிகிறார்.

இதன் விளைவு 2016 அக்டோபர் 4 அன்று டொராண்டோவில் தெளிவாகத் தெரிந்தது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் குளோசர் ஸாக் பிரிட்டன் அவ்வாண்டு 47 சேவ் வாய்ப்புகளில் 47-ஐயும் காத்து, 0.54 என்ற நம்ப முடியாத சராசரியுடன் இருந்தார். தோற்றால் பருவமே முடிந்துவிடும் ஒற்றை ஆட்டம் 2-2 என்ற சமநிலையில் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போயிற்று. வெளியூர் அணிக்கு முன்னிலை வந்தால் பிரிட்டனை அனுப்பலாம் என்று மேலாளர் பக் ஷோவால்டர் காத்திருந்தார், முன்னிலை வரவேயில்லை. பதினோராம் இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸ் எறிந்த பந்தை எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். உலகின் தலைசிறந்த மாற்றுப் பிட்சர் ஒரு பந்துகூட எறியாமல் அந்தப் பருவம் முடிந்தது. மேலாளர்களைப் பழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு உறுதியான ஒருவரை நிறுத்து என்று ஆண்டு முழுவதும் முழங்கும் நடைமுறைக் கருத்தே மேலாளரை இந்த வழக்கத்துக்குள் தள்ளுகிறது என்பதை ஒப்புக்கொள்ள அக்கருத்தினர் முன்வருவதில்லை.

பெயர்பெற்ற ஒருவரை வாங்கு என்ற பரிந்துரையைச் சோதிக்க 2019-ஆம் ஆண்டே போதுமானது. அவ்வாண்டின் தொடக்கத்தில் எந்த அணியுடனும் ஒப்பந்தம் இல்லாமல் இருந்த கிரெய்க் கிம்பிரல், அவருடைய தலைமுறையின் மிகச் சிறந்த குளோசர்களில் ஒருவர். புல்பென் தடுமாறிய நகரங்களிலெல்லாம் அவரை வாங்கச் சொல்லிக் கேட்டனர். ஜூனில் சிகாகோ கப்ஸ் அணி மூன்றாண்டுகளுக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் தந்து அவரை எடுத்தது. எஞ்சிய பருவத்தில் 21 இன்னிங்ஸுக்கும் குறைவாக எறிந்து ஒன்பது ஹோம் ரன்களைக் கொடுத்த அவரது சராசரி 6.53. மெட்ஸ் அணியோ டியாஸையும், வயதேறிய ராபின்சன் கானோவின் நீண்ட ஒப்பந்தத்தையும் பெறுவதற்காக, 2018-இன் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த ஜாரெட் கெலெனிக் உள்ளிட்ட இளம் வீரர்களைக் கைவிட்டிருந்தது. இவ்விரண்டுக்கும் எதிரே வாஷிங்டன் செய்ததை வைத்துப் பார்க்க வேண்டும். ஜூலை 31 அன்று, வீரர் மாற்றத்துக்கான கடைசி நாளில், பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ டொராண்டோவிடமிருந்து டேனியல் ஹட்சனைப் பெற்றார். ஈடாகக் கொடுத்தது கீழ்நிலை லீகில் ஆடிய ஒரே ஒரு பிட்சரை. முழங்கை அறுவை இருமுறை செய்துகொண்டவர் ஹட்சன். அவ்வாண்டு மார்ச்சில்தான் இன்னோர் அணி அவரை வேண்டாமென்று விடுவித்திருந்தது. வாஷிங்டனில் அவர் எறிந்த 25 இன்னிங்ஸில் பெற்ற சராசரி 1.44. ரிஸ்ஸோ எதிர்காலத்தை முன்கூட்டியே கண்டார் என்று இதற்குப் பொருளில்லை. எவர் நன்றாக எறியப்போகிறார் என்பது விலையிலோ புகழிலோ எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே சிறு விலைக்குப் பலரை முயல்வதே அறிவுடைய வழி என்பதுதான் பொருள்.

இதே உண்மையின் மறுபக்கத்தைப் பால்டிமோர் 2012-இல் காட்டியது. அவ்வாண்டு அந்த அணி ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29-ஐ வென்று 9-ஐ மட்டுமே இழந்தது. குளோசர் ஜிம் ஜான்சன் 51 சேவ்கள் பெற்றார். நெருக்கமான ஆட்டங்களை வெல்லத் தெரிந்த புல்பென் என்று அது கொண்டாடப்பட்டது. ஆனால் பருவம் முழுவதும் அந்த அணி அடித்த ரன்களுக்கும் விட்டுக்கொடுத்தவற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஏழே ஏழு. மறு ஆண்டு, பெரும்பாலும் அதே ஆள்களுடன், ஒரு ரன் ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. 93 வெற்றிகள் 85 ஆகக் குறைந்தன. ஜான்சன் அப்போதும் 50 சேவ்கள் எடுத்தார் என்பது கருதத்தக்கது. நெருக்கமான ஆட்டங்களின் முடிவு ஆண்டுக்கு ஆண்டு தாவுகிறது. ரன் வேறுபாடு அவ்வாறு எளிதில் பொய்ப்பதில்லை. பருவத்தின் நடுவில் ஓர் அணியின் நிலையை அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வேறுபாட்டையும் தொடக்கப் பிட்சர்களையும்தான்.

நேஷனல்ஸ் அணியின் மீட்சி இந்த இடத்திலிருந்தே தொடங்கியது. மேலாளர் நீக்கப்படவில்லை. காயமுற்றவர்கள் திரும்பினர். ஜூலையில் பருவ இடைவேளை வந்தபோது 47 வெற்றி, 42 தோல்வி. இறுதியில் 93 வெற்றி, 69 தோல்வி. மே 23-க்குப் பின் ஆடிய 112 ஆட்டங்களில் 74-ஐ அந்த அணி வென்றது. இக்காலமெல்லாம் புல்பென் சற்றுத் தேறியதே தவிர நல்லதாகிவிடவில்லை. ஆகஸ்டில் டூலிட்டில் ஒரே இன்னிங்ஸில் மூன்று ஹோம் ரன்களைக் கொடுத்து, முழங்கால் வலியுடன் சிகிச்சைப் பட்டியலுக்குப் போனார். அணியைத் தூக்கி நிறுத்தியவர்கள் தொடக்கப் பிட்சர்களும் அடிப்பவர்களும். ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க் லீகிலேயே அதிகமாக 209 இன்னிங்ஸ் எறிந்தார். பாட்ரிக் கார்பின் 202 எறிந்தார். ஷெர்சர் முதுகு வலியுடனும் 2.92 சராசரி காத்தார். தொடக்கப் பிட்சர் ஏழாம் இன்னிங்ஸ் வரை நின்றால் புல்பென்னின் வலுவற்ற நடுப்பகுதிக்கு வேலையே இல்லாமல் போகிறது. ரெண்டன் 126 ரன்களை அடித்துச் சேர்த்தார். இருபது வயது சோட்டோ 34 ஹோம் ரன்கள் அடித்தார். பருவ முடிவில் ரன் வேறுபாடு 149. செப்டம்பர் 3 அன்று மெட்ஸ் அணிக்கு எதிராக 10-4 என்ற பின்னடைவுடன் கடைசி இன்னிங்ஸைத் தொடங்கி, ஏழு ரன்கள் எடுத்து 11-10 என வென்ற ஆட்டம் இந்த அணியின் இயல்பை உணர்த்துவது. அதை முடித்துவைத்த ஹோம் ரன்னை கர்ட் சுஸுகி அடித்தது டியாஸின் பந்தில். நியூயார்க்கில் அன்றிரவு எழுந்த கோபம், மே மாதத்தில் வாஷிங்டனில் எழுந்ததன் சாயலிலேயே இருந்தது.

இவ்விடத்தில் நடைமுறைக் கருத்தினர் ஒரு வலுவான கேள்வி எழுப்புவர்: பருவத்துக்குப் பின் கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கும் அக்டோபரில் வாஷிங்டன் தன் புல்பென்னை மறைத்துத்தானே வென்றது, அது புல்பென்னின் குறையை ஒப்புக்கொள்வதாகாதா? ஆகும்; குறை இருந்தது என்பதை இக்கட்டுரை தொடக்கத்திலேயே ஏற்றிருக்கிறது. ஆனால் மறைத்த முறைதான் வாதத்தின் மையம். மில்வாக்கியுடனான ஒற்றை ஆட்டத்தில் ஷெர்சருக்குப் பின் ஸ்டிராஸ்பர்க் வந்து மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியுடனான இரண்டாம் ஆட்டத்தில் எட்டாம் இன்னிங்ஸை எறிந்தவர் ஷெர்சர். எஞ்சிய கடினமான இன்னிங்ஸ்களில் பெரும்பகுதியை ஹட்சனும் டூலிட்டிலும் பகிர்ந்துகொண்டனர். மே மாதத்தில் தூற்றப்பட்ட டூலிட்டில் அந்த அக்டோபரில் பத்து இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து விட்டது இரண்டே ரன்கள். பதவிப் பெயரைப் பார்க்காமல் தருணத்தைப் பார்த்து ஆளை அனுப்பும் முறை இது. சேவ் வழக்கத்துக்கு நேர்மாறானது. அதுவும் எப்போதும் பலித்துவிடவில்லை: டாட்ஜர்ஸுக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் 2-1 என்ற முன்னிலையுடன் மாற்றாக வந்த கார்பின், ஓர் இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் ஆறு ரன்களைக் கொடுத்தார். ஆண்டுக்கு 200 இன்னிங்ஸ் எறியும் ஒருவருக்கும் அது நேர்ந்தது. புல்பென்னில் இருக்கும் ஒருவருக்கு நேர்ந்திருந்தால் அது அவருடைய குணக்குறையாகப் பேசப்பட்டிருக்கும். ஜூன் மாதத்திலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள், ஓய்வு நாள்கள் இடையிட்ட அக்டோபரையும் நாள் தவறாமல் ஆட்டம் நடக்கும் கோடையையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். தொடக்கப் பிட்சர்களைக் கோடையில் அவ்வாறு எறிய வைத்தால் செப்டம்பரில் எறிவதற்குக் கை இருக்காது.

எதிரணிகளின் புல்பென்களுக்கு அந்த அக்டோபரில் நேர்ந்ததும் எண்ணிப்பார்க்கத்தக்கது. மில்வாக்கி ஆட்டத்தின் எட்டாம் இன்னிங்ஸில் வாஷிங்டன் மூன்று ரன்கள் எடுத்து 4-3 என வென்றது ஜாஷ் ஹேடரிடமிருந்து; 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய லீகின் சிறந்த மாற்றுப் பிட்சருக்கான விருதைப் பெற்றவர் அவர். அக்டோபர் 30 அன்று ஹூஸ்டனில் நடந்த, கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ஏழாம் இன்னிங்ஸ் வரை ஹூஸ்டன் 2-0 என முன்னிலையில் இருந்தது. 80 பந்துகள் எறிந்திருந்த ஸாக் கிரெய்ங்கியிடம் ரெண்டன் ஒரு ஹோம் ரன் அடித்து, சோட்டோ நடந்து முதல் பேஸை அடைந்ததும், மேலாளர் ஏ.ஜே. ஹின்ச் வில் ஹாரிஸை அனுப்பினார். பருவம் முழுவதும் 60 இன்னிங்ஸில் 1.50 சராசரி காத்தவர் ஹாரிஸ். எந்த அளவுகோலில் பார்த்தாலும் அது சரியான தேர்வு. அவர் வெளி விளிம்பில் தாழ எறிந்த பந்தை ஹோவி கெண்ட்ரிக் வலப்பக்க எல்லைக் கம்பத்தில் பட அடித்தார். அந்த ஹோம் ரன்னில் முன்னிலை மாறி, ஆட்டம் 6-2 என முடிந்தது. மறுபுறம் அந்த இரவின் கடைசி நான்கு இன்னிங்ஸையும் வாஷிங்டனுக்காக எறிந்தவர்கள் கார்பினும் ஹட்சனும். ஒரு ரன்னும் போகவில்லை. லீகின் மிக மோசமான புல்பென் கொண்ட அணி கோப்பையைப் பெற்றது. உலகத் தொடரை வென்ற அணிகளில் அதைவிட மோசமான புல்பென் சராசரி கொண்டது வேறெதுவும் இல்லை.

இவ்வளவுக்குப் பின்னரும் அந்தக் கருத்தின் பிடி வாஷிங்டன் நிர்வாகத்தையே விடவில்லை. 2020 ஜனவரியில் அந்த அணி மூன்றாண்டுகளுக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர் தந்து ஹாரிஸையே ஒப்பந்தம் செய்தது. மாற்றுப் பிட்சருக்குத் தரப்படும் தொகையில் அது பெரியது, 1.50 என்ற எண் அதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது. காயங்களும், தோளருகே நரம்பை அழுத்தும் எலும்பிடுக்கைச் சீராக்கும் அறுவையும் குறுக்கிட்டதால், அந்த மூன்று பருவங்களிலும் சேர்த்து அவர் எறிந்தது 24 இன்னிங்ஸுக்கும் குறைவு.